சம்பந்திக்குப் பரிமாறிய உருண்டை

ஸ்ட்ராவ்பிங்,
ஜனவரி 8.

மதிப்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய, வருகிற மே மாதம் எனக்குச் சம்பந்தி ஆகப்போகிற (அப்படித்தான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறேன்) திரு. கார்ஸ்டன் ப்ரூன்ஸ் அவர்கள் சமூகத்துக்கு, பெண்ணைப் பெற்ற அலோய்ஸ் கெர்ஷ்னர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி ரோஸ்விதாவும் நாய் மோரிட்ஸும் சுகம், என் இடது கணுக்காலைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே ஹூசுமில் நீங்களும் எல்கே அம்மையாரும் மாப்பிள்ளை தோர்பெனும் சுகமா? கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், ஒருவரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். நான் காத்திருக்கிறேன். முக்கியமாக வயிறு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உங்கள் வயிறு, அம்மையார் வயிறு இரண்டும். வாந்தி, தலைச்சுற்றல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டுப் போனதிலிருந்து நெஞ்சில் ஏதோ உருண்டையாக நிற்பது போன்ற உணர்வு, இப்படி ஏதாவது உண்டா? தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விருந்தன்று மதியம் முழுவதும் நீங்கள் பேசியது மொத்தமே "நல்லா இருக்கு, எப்படிச் செய்றீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரயில் ஏறும்போது நீங்கள் என் கையைக் குலுக்கி, "கல்யாணத் தேதியை ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஃபோனும் இல்லை, கடிதமும் இல்லை. மூனிக்கில் வேலைக்குத் திரும்பிவிட்ட மகள் வெரேனாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்பா, அவங்க அப்படித்தான். தோர்பென் என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லவே ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க பேசாம தூங்குங்க" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே கலகலவென்று சிரிக்கிற பெண் அவள். என்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டால் நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது?

விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தவரை எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கைகாட்டியை இறக்கியதில்லை. ஓய்வுக்குப் பிறகு பார்க்க ரயில் இல்லாததால் பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பனிக்காலத்தில் அதுகளுக்கு இரை கிடைக்காது என்று, உருக்கிய மாட்டுக் கொழுப்பில் ஓட்ஸும் சூரியகாந்தி விதையும் ரொட்டித் தூளும் கலந்து உருண்டை பிடித்து, வெங்காய வலைப்பையில் போட்டு ஆப்பிள் மரத்தில் கட்டுவேன். பட்டாணிக் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்னும். போன பனிக்காலத்தில் என் உருண்டைகள் உதிர்ந்து விழுந்துவிட்டன என்று பக்கத்து வீட்டுத் திருமதி பிர்க்மயர் வேலிக்கு மேலாகச் சிரித்தாள். அந்த ரோஷத்தில் இந்தப் பனிக்காலத்துக்கு முட்டையும் மாவும் தாராளமாகச் சேர்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் உடையாது என்று அவளிடம் சவால் வேறு விட்டேன். அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.

ரோஸ்விதாவும் உருண்டை பிடிப்பாள். பழைய ரொட்டி, பால், முட்டை, பன்றிக்கறித் துண்டு போட்டது, வாத்து வறுவலோடு நீங்கள் சாப்பிட வேண்டியது. எங்கள் பக்கத்தில் இதற்கும் உருண்டை என்றுதான் பெயர், அதற்கும் உருண்டை என்றுதான் பெயர். குளிர்பெட்டி முழுக்க வாத்து உட்கார்ந்திருந்ததால் அவள் உருண்டையும் என் உருண்டையும் ஒரே மாதிரி நீல டப்பா இரண்டில் பால்கனிக் குளிரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீங்கள் வருகிற பதற்றத்தில் விடியாத அரையிருட்டில் நான் ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை வலைப்பையில் போட்டு மரத்தில் கட்டிவிட்டேன். இரண்டு தடவை பார்க்கவில்லை, ஐயா. ஒரு தடவைகூடப் பார்த்தேனா என்பது சந்தேகம். மதியம் ரோஸ்விதா, "ஏங்க, பால்கனில இருக்கற உருண்டை டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றாள். மிச்சமிருந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பின்கட்டில் வாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே அதைக் கொதிநீரில் போட்டாள். ஒன்றும் உடையவில்லை.

நீங்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது என் மனம் குளிர்ந்தது உண்மை. அந்த நேரம் பார்த்து நீங்கள் கைக்குட்டையை வாய்க்கு முன்னால் பிடித்து, பல்லிடுக்கிலிருந்து எதையோ நாசூக்காக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தீர்கள். அது ஒரு சூரியகாந்தி விதை. ரோஸ்விதாவின் உருண்டையில் ஜென்மத்துக்கும் சூரியகாந்தி விதை கிடையாது. ஒன்றை எடுத்து ருசி பார்த்துவிடலாம் என்று கையை நீட்டுவதற்குள் கடைசி உருண்டையையும் எல்கே அம்மையார் எடுத்துக்கொண்டார். பித்தப்பைக்காக டாக்டர் எனக்கு உருண்டையே கூடாது என்றிருக்கிறார், வெரேனா பன்றிக்கறி தொட மாட்டாள், அவள் தொடாததை மாப்பிள்ளையும் தொடுவதில்லை. ரோஸ்விதா பரிமாறுவதிலேயே நின்றாள். ஆக எங்கள் வீட்டில் பறவைத் தீனியைச் சாப்பிட்டவர்கள் நீங்கள் இருவர் மட்டும்தான்.

ரோஸ்விதாவிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த ஊரில் உருண்டைக்குப் பேர்போனவள் அவள். அவளிடம் போய், "நீ சம்பந்திக்குப் போட்டது குருவித் தீனியா?" என்று கேட்டுவிட்டு நான் இந்த வீட்டில் சாப்பிட முடியுமா? அதனால் கால்நடை மருத்துவரிடம் போனேன். பெயர் சொல்லாமல், இந்த மாதிரி கொழுப்பு உருண்டையை மொத்தமாகத் தின்றால் என்ன ஆகும் என்றேன். "பறவை எவ்வளவு எடை இருக்கும்?" என்றார். உங்களை மனதில் வைத்து, "தொண்ணூறு கிலோ இருக்கலாம்" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நெருப்புக்கோழியா வளர்க்கறீங்க?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. மரத்தில் தொங்குவதைக் குருவிகள் தின்றால் அது கொழுப்பு உருண்டை, அதாவது நீங்கள் சாப்பிட்டது ரோஸ்விதாவின் உருண்டை, எல்லாம் சுபம். தின்னாவிட்டால் மரத்தில் இருப்பது ரொட்டி உருண்டை, நான் தொலைந்தேன். அன்றிலிருந்து விடிந்தது முதல் இருட்டும் வரை தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறேன். ஒரு குருவி வரவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் கூட்டம் கூட்டமாக வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்ற அதே பட்டாணிக் குருவிகள், இப்போது என் மரத்தைத் தாண்டி நேராகத் திருமதி பிர்க்மயர் தோட்டத்துக்குப் போகின்றன. மரங்கொத்தி கூட அங்கேதான். ஊரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணிப் பறவைச் சங்கத்துக்குச் சொல்லும் வாரம் வந்தது. என் தோட்டத்தில் நான் எண்ணியது ஒரே ஒரு மோரிட்ஸ்.

பொறுக்க முடியாமல் ஏணியைப் போட்டு ஏறி, வலைக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். உறைந்து கல்லாகிக் கிடந்தது. பல்தான் வலித்தது, நாக்கு மரத்துப்போய் ருசி என்று ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய் இளக வைத்துப் பார்க்கலாம் என்று இறங்கும்போது ஏணி ஒரு பக்கமாகவும் நான் இன்னொரு பக்கமாகவும் போனோம், உருண்டை பனியில் விழுந்தது, நான் "மோரிட்ஸ், வேண்டாம்டா!" என்று கத்தி முடிப்பதற்குள் அது அவன் வயிற்றில் இருந்தது. அவன் ரசித்துத்தான் தின்றான். ஆனால் அவன் என் கையுறையையும் ரசித்துத் தின்றவன், அவன் சாட்சி செல்லாது. கணுக்கால் வீங்கியதால் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மறுபடி ஜன்னல்.

ஜன்னலில் நின்றதிலும் வம்பு வந்தது. ஆப்பிள் மரத்துக்கு நேர் பின்னால் திருமதி பிர்க்மயரின் சமையலறை. முந்தாநாள் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அலோய்ஸ், குருவியெல்லாம் என் பக்கம்தான்! பார்க்கணும்னா தொலைநோக்கியை வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க, வாசல் வழியா வாங்களேன்!" என்றாள். ரோஸ்விதாவுக்கு அது கேட்டுவிட்டது. நேற்று சாயங்காலம் அவள் ஏதோ சொல்ல என் பின்னால் வந்து நின்றாள். அந்தச் சமயம் பார்த்துக் கிளையில் ஏதோ அசைந்தது. நான் கையை உயர்த்தி "ஷ்ஷ்!" என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தாள், மறுபடி "ஷ்ஷ்!" என்றேன். அசைந்தது காய்ந்த இலை. அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இப்போது இந்த வீட்டில் பறவையும் வருவதில்லை, ஃபோனும் வருவதில்லை, மனைவியும் பேசுவதில்லை.

ஐயா, உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். ஹூசுமுக்கே வந்து, உங்கள் கடற்கரையில், நீங்கள் கொடுக்கிற எந்த மீனையும் எந்தப் பறவை தின்கிற மாதிரி வேண்டுமானாலும் தின்கிறேன். குழந்தை ஒரு பாவமும் அறியாதவள். அவள் அன்று கொழுப்பு உருண்டையும் தரவில்லை, ரொட்டி உருண்டையும் தரவில்லை. உங்கள் பையனை மனதாரப் பிடித்துப்போய் வருகிறவள். அந்தக் கல்யாணம் ஓர் உருண்டையால் நின்றுபோனது என்று ஊர் பேச விடாதீர்கள். ரோஸ்விதாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் வயிறும் குடும்பமும் நீடூழி நலமாக இருக்க வேண்டும் என்று தேவனை வேண்டிக்கொண்டு, எல்கே அம்மையாருக்கு என் பணிவான வணக்கங்களும் மாப்பிள்ளைக்கு ஆசிகளும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (ஆகக் காத்திருக்கும்)
அலோய்ஸ் கெர்ஷ்னர்

பின்குறிப்பு: தபால் உறை எங்கே என்று தேடிவிட்டு வருவதற்குள் ரோஸ்விதா மேஜை முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பேனாவைக் கொடுங்கள் என்கிறாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். கொடுக்கிறேன்.

சம்பந்தி, நான் ரோஸ்விதா எழுதறேன். நீங்களும் எல்கேயும் சாப்பிட்டது என் உருண்டைதான். அன்னிக்குக் கடையில வெள்ளை ரொட்டி தீர்ந்துபோச்சு, அதனால விதை ரொட்டியில செஞ்சேன். பல்லுல மாட்டினதுக்கு மன்னிக்கணும். மரத்துல தொங்கறது இவரோட உருண்டைதான். தினமும் இவர் குளிக்கப் போற நேரத்துல ஒரு பட்டாளமே வந்து கொத்திட்டுப் போகுது. பனி மூடிக் கிடக்கறதால பாதி காலியானது இவருக்குத் தெரியல. ஜன்னல்ல நாள் பூரா இவர் மூஞ்சி ஒட்டிக்கிட்டு இருந்தா எந்தக் குருவி வரும்? நானே அந்த அறைக்குள்ள போகப் பயப்படறேன். நேத்து எல்கே ஃபோன் பண்ணாங்க. ஊருக்குப் போனதிலிருந்து நீங்க அந்த உருண்டையையே கேட்டுக்கிட்டு இருக்கீங்களாம், செய்முறை கேட்டாங்க. மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை உங்களுக்குச் சம்மதம்னாங்க, சரின்னுட்டேன். வெரேனாவுக்கும் சொல்லியாச்சு, அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இவர்கிட்ட சொல்ல ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் "ஷ்ஷ்"னார். இந்தக் கடுதாசியை அடுப்புல போட வேண்டாம். என் உருண்டையைப் பத்தி இவர் என்ன நினைச்சார்ங்கறதுக்கு ஒரு சாட்சி வேணும், பத்திரமா வச்சிருங்க. கல்யாணத்தன்னிக்கு உங்களுக்குத் தட்டு நிறைய ரொட்டி உருண்டை வைக்கறேன். இவருக்கு ஆப்பிள் மரத்துல தொங்குது.