பாதி விலைக்குக் கிடைத்த தீவு

இந்தக் கோடையில் என் மனைவி இர்மெலி அந்த ரக்னரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. தலைகீழாக நின்றாவது தடுத்துவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

ரக்னர் லில்லோ தீவுக்காரன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், நடனக் கொட்டகையில் அக்கார்டியன் வாசித்து இவளை மயக்கப் பார்த்தவன். இன்றுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை? அதுதான் என் வயிற்றெரிச்சல். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட மீன் அனுப்புவான். அந்த மீனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்த ஆத்திரத்தில் முக்கால்வாசியை நானே தின்றுவிடுவேன்.

நான் கிழிந்த பூட்ஸோடு தம்பெரே நகரத்துக்கு வந்து, பழைய டிராக்டர் சாமான் வாங்கி விற்று ஆளானவன். பேரத்தில் என்னை ஜெயிக்கிறவன் பின்லாந்தில் இன்னும் பிறக்கவில்லை. என்னிடமா இவன் அக்கார்டியன்?

மே மாதம் ஒருநாள் காலையில் இர்மெலி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்த வருஷம் லீவுக்கு லில்லோ போலாமா?"

காப்பி மூக்கில் ஏறியது.

"லில்லோவுல என்ன இருக்கு?"

"கடல் இருக்கு, பாறை இருக்கு."

"அது எல்லாத் தீவுலயும்தான் இருக்கு."

"அங்க காத்து நல்லாருக்குமாம்."

"காத்தா? பாட்டா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு."

அன்றைக்கே கடல் வரைபடத்தை மேசையில் விரித்தேன். லில்லோவின் மேல் காப்பிக் கோப்பையை வைத்து அழுத்தினேன். அங்கிருந்து சாண் சாணாக அளந்துகொண்டே போனதில், வரைபடத்தின் ஓரத்தில் ஈ உட்கார்ந்தது போல ஒரு புள்ளி. கிராஷேர். ஒரு பழைய கலங்கரை விளக்கம், நாலு குடில், மிச்சமெல்லாம் கடற்காக்கை.

"கிராஷேரா? ஐயோ, வேணாங்க! அங்க மனுஷங்களே கிடையாதே!"

"அதான் வேணும்."

"பொழுதே போகாதுங்க."

"கூட நான் இருக்கேன்ல?"

"அதைத்தாங்க சொல்றேன்."

அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், எனக்கு உள்ளே பாலாபிஷேகம் நடக்கிறது. உடனே குடில்காரி மாய்கெனுக்குப் போன் போட்டேன். அவள் சொன்ன விலையைக் கேட்டதும் கொதித்துவிட்டேன்.

"இந்த விலைக்குத் தீவையே வாங்கிடலாமேம்மா!"

"தீவு விக்கிறதுக்கு இல்லீங்க. குடில் வாடகை மட்டும்தான்."

இரண்டு தடவை போனை வைத்தேன். இரண்டு தடவை நானே திரும்பவும் போட்டேன். கடைசியில் பாதி விலைக்கு இறங்கினாள்.

"ஆனா ஒண்ணு. நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள் இங்க தல்கோ. ஊர் மொத்தமும் கூடிப் படகுத்துறை கட்டறோம். நீங்களும் ஒரு கை கொடுக்கணும்."

"ரெண்டு கையும் கொடுக்கிறேன்!" என்றேன். கூலியில்லாத ஊர்வேலைதான். ஆனால் தல்கோவுக்கு வரமாட்டேன் என்று சொன்னவனை எங்கள் நாட்டில் நாய்கூட மதிக்காது.

இர்மெலி பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். பேரத்துல உங்களை யாரு ஜெயிக்க முடியும்?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

படகு கிராஷேரை நெருங்கியது. கரையில் ஒருத்தன் நின்றான். கழுத்தில் அக்கார்டியன்.

"வாங்கண்ணே!"

என்னைவிட மூத்தவன் என்னை அண்ணன் என்கிறான்!

"நீ... நீ லில்லோவுல இல்ல?"

"அங்கேருந்து வந்து ரெண்டு வருஷம் ஆச்சேண்ணே. இந்தக் கலங்கரை விளக்கத்தை இப்ப நான்தான் பாத்துக்கறேன்."

மறுநாள் தல்கோ. இடுப்பளவுத் தண்ணீரில், பனிக்கட்டிக்குப் பங்காளியான குளிரில், படகுத்துறைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ரக்னருக்கு இடுப்புப் பிடிப்பாம். வேலை செய்ய முடியாதவன் வேலை செய்கிறவர்களுக்கு வாசிக்க வேண்டுமாம். பாறைமேல் உட்கார்ந்து டாங்கோ வாசிக்கிறான். கரையில் சால்மன் சூப் கொதிக்கிறது. இர்மெலி நீலப் பாவாடை சுழல மாய்கெனோடு ஆடுகிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பாறைப் பக்கம் ஒரு சிரிப்பு. ஒரு கண்ணைத் தூணிலும் ஒரு கண்ணைப் பாறையிலும் வைத்து வைத்து எனக்கு மாறுகண்ணே வந்துவிட்டது.

"போதும், நான் மேல வரேன்!"

"விட்றாதீங்கண்ணே! விட்டா துறையே சாஞ்சிரும்!" என்றான் ரக்னர். வாசிப்பை நிறுத்தாமல்.

சாயங்காலம் குடில் வாசலில் காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டேன்.

"அவன் இங்க இருக்கான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் எதுக்குடி லில்லோன்னு சொன்ன?"

"கிராஷேர்னு சொல்லியிருந்தா வேற எங்கேயோல்ல கூட்டிட்டுப் போயிருப்பீங்க. லில்லோன்னு சொன்னதாலதானே அதுக்கு ரொம்பத் தூரத்துல இதைத் தேடிப் பிடிச்சீங்க."

பல்லைக் கடித்தேன். "போகட்டும். பாதி விலைக்கு முடிச்சேன்ல? அது என் சாமர்த்தியம்."

"அதுதாங்க எல்லாருக்கும் விலை. ரெண்டு மடங்கா ஏத்திச் சொல்லுங்கன்னு மாய்கென் அக்காகிட்ட நான்தான் சொல்லி வச்சேன். பேரம் பேசாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதேன்னு."

"அடுத்த வருஷம் வடக்க, மலைப்பக்கம்! கடல் வாசனையே இருக்கக் கூடாது!"

"சரிங்க. தூண் பிடிச்சவங்களுக்கு அடுத்த கோடையில குடில் இலவசமாம். இந்தத் தீவு வழக்கம். ரக்னர் வந்து சொன்னாரு. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

பாறையிலிருந்து அக்கார்டியன் சத்தம் வந்துகொண்டிருந்தது. என் காது எரிந்தது. வயிறு எரிந்தது.

"ஒரு வாரமா, ரெண்டு வாரமான்னு கேட்டியா?" என்றேன்.