பத்தே முக்காலுக்கு ஊதிய சங்கு

நான் அதிகம் பேசாதவன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நிறையப் பேசியது ஒரு மிஷினிடம்தான். அது அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு ஊருக்கே சொல்லிவிட்டது.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை மற்றவர்கள்தான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு விதமாக, கொஞ்சம் பொய் சேர்த்து. நடந்தது இதுதான்.

அறுபதுகளின் கடைசி. நான் எட்டாவது வரை படித்தவன். அப்போது எட்டாவது படித்தவனும் பயிற்சி முடித்தால் சின்ன வகுப்புக்கு வாத்தியார் ஆகலாம். அப்பா ஹார்பரில் நிலக்கரி இறக்கினார். "இந்தக் கரி என்னோட போவட்டும்" என்று சொல்லி, ராயபுரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டார். அடுத்த வருடம் அவரே போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. திருவொற்றியூரில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. அதில் நான், ஒரு ஸ்டவ், ஆணியில் அப்பாவின் சட்டை.

ஹார்பர் மேஸ்திரி இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார். அப்பாவின் இடம் காலியாக இருக்கிறதாம். பாஸானால் வாத்தியார். இல்லாவிட்டால் கரி. கணக்கு சுலபம்.

பாஸாவதில் ஒரே ஒரு தடை. எனக்கு வாய் வராது.

வகுப்பின் முன் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் ஒரு பசுவை வரைந்தேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மணி அடிக்கும் வரை நான் பசுவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பசு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. (பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். பசுதான் நன்றாக இருந்தது என்றார்கள்.)

அப்போதுதான் பயிற்சிப் பள்ளிக்கு டேப் ரெகார்டர் வந்தது. பெட்டி போல இருக்கும். மேலே இரண்டு சக்கரம் சுற்றும். எங்கள் ஆசிரியர் தேவசகாயம் சார் அதை ஒரு துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

"இனிமே வாத்தியாருக்குத் தொண்டை கட்டினாலும் கவலை இல்லப்பா. ஒரு தபா சொல்லிட்டா இது மறக்காது. எப்போ கேட்டாலும் அப்டியே சொல்லும்."

கடைசித் தேர்வில் இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்றும் சொன்னார். அவர் நினைத்தது ஒரு பாட்டு, கொஞ்சம் அலைச் சத்தம், அவ்வளவுதான். நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். பாடம் முழுவதையும் மிஷினே நடத்திவிட்டால் நான் நடத்த வேண்டாமே!

தேர்வு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷினைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தேன்.

"இன்னா நைனா, தையல் மிஷினா?" என்றார் கண்டக்டர்.

தலையாட்டினேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

சனிக்கிழமை காலை கதவைச் சாத்தினேன். பல்பைக் கழற்றி அந்த ஹோல்டரிலிருந்து கரண்ட் எடுத்தேன். பாடம், உப்பு எப்படிக் கிடைக்கிறது. தேர்வு வகுப்பில் இருப்பது எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதனால் அந்தப் பாடம். இருட்டு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன். ஆச்சரியம், வாய் வந்தது! சுவர் கண் இமைக்கவில்லை, சிரிக்கவில்லை.

கேள்வி கேட்பேன். பிள்ளை பதில் சொல்ல மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். பிறகு "மிகச் சரி. உட்கார்" என்பேன். அடுத்த கேள்வி. ஐந்து. "மிகச் சரி. உட்கார்." என் வகுப்பில் தப்பான பதிலே கிடையாது.

பாடம் முடியப்போகிற நேரத்தில் மில் சங்கு ஊதியது. மதியம் பன்னிரண்டு. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. தினம் ஊதுவதுதானே. மீதியைச் சொல்லி முடித்து, குமிழைத் திருப்பி மிஷினை நிறுத்தினேன். (நிறுத்தினேன் என்று நினைத்தேன். நான் திருப்பியது வேறு குமிழ்.) தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு எழுந்து பார்த்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்டைப் பிடுங்கினேன். மறுநாள் போட்டுக் கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் கேட்டேன். அதற்குமேல் என் குரலை என்னாலேயே தாங்க முடியவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை. திருவொற்றியூரில் ஒரு பள்ளி, மூன்றாம் வகுப்பு. இந்தப் பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் மில்லில் வேலை. மதியம் சங்கு ஊதினால் மில் கேட் அரை மணி திறந்திருக்கும். அதற்குள் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி, சோற்றுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓட வேண்டும். தாமதமானால் அப்பா பட்டினி. அதனால் சங்கு ஊதினால் யாரும் வாத்தியாரைக் கேட்பதில்லை. வாத்தியார் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து ஓடுவார்கள். வாத்தியார்களும் தடுப்பதில்லை. அது அங்கே சட்டம்.

பின்பெஞ்சில் தேர்வாளர் உட்கார்ந்தார். வெளியூர்க்காரர், மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். பக்கத்தில் தேவசகாயம் சார். நான் மிஷினை மேசைமேல் வைத்து, சத்தத்தை முழுதாகத் திருப்பிவிட்டு, ஓரமாகப் போய் நின்றேன்.

"வணக்கம் குழந்தைகளே" என்றது மிஷின்.

பிள்ளைகள் மிஷினுக்கு வணக்கம் சொன்னார்கள்.

"உப்பு எங்கிருந்து கிடைக்கிறது?"

"செட்டியார் கடையிலேர்ந்து சார்!"

"மிகச் சரி. உட்கார்."

தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கடல் நீரைப் பாத்தியில் விட்டால் என்ன ஆகும்?"

ஒரு பையன் எழுந்து ஒற்றை விரலைக் காட்டினான். "சார், ஒண்ணுக்கு சார்."

"மிகச் சரி. உட்கார்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மிஷினைப் பார்த்தேன். பாவம், உட்கார்ந்துவிட்டான்.

எப்படியோ இப்படியே போயிற்று. இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது மிஷினுக்குள்ளிருந்து சங்கு ஊதியது.

கடைசி வரிசையில் ஒருவன் கத்தினான். "டேய், சங்குடா!"

மணி பத்தே முக்கால். அந்த வயதில் யார் மணி பார்க்கிறார்கள்? வகுப்பு மொத்தமும் எழுந்தது. சத்தம் மில் பக்கமிருந்து வரவில்லை, மேசைமேலிருந்து வருகிறது என்பதை முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துவிட்டு அவளும் ஓடினாள். ஒண்ணுக்குக் கேட்டவன்தான் முதலில் வெளியே போனான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "நில்லுங்க! நில்லுங்க!" வாயில் வந்தது அது ஒன்றுதான். தெருமுனை வரை ஓடினேன். ஒரு பிள்ளையும் கிடைக்கவில்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். காலி வகுப்பு. பின்பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் சக்கரம் சுற்றுகிறது. பாடம் முடிந்துவிட்டது. தட்டு வைக்கிற சத்தம். பிறகு என் குரல்.

"இன்னா நைனா, சாப்ட்டியா?"

அதுவும் என் குரல்தான், பதில் சொல்வது. "இல்ல. இப்பதான்."

"இன்னா கொழம்பு?"

"நேத்து வெச்சதுதான்."

"நல்லா கீதா?"

"கீது."

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும். அறை முழுக்க அது கேட்டது. நான் அப்படிப் பேசுவேன் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அப்பா போனதிலிருந்து அப்படித்தான் போலிருக்கிறது.

"சாயங்காலம் எங்கியாச்சும் போலாமா?"

"எங்க போறது."

"சர்தான்."

தேவசகாயம் சார் எழுந்து மிஷினை நிறுத்தப் போனார். தேர்வாளர் கையைத் தூக்கி வேண்டாம் என்றார்.

"பாஸாயிடுவியா நைனா?"

இந்த இடத்தில் டேப்பில் ஐந்து எண்ணுகிற நேரத்துக்குமேல் சத்தம் இல்லை. பிறகு, "தெர்ல."

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "கூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

அவர் மேலே ஏதோ கேட்க வந்தார். அதற்குள் வாசலில் கூச்சல். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் கன்னியம்மா. என் லைனில் எதிர்வீடு. கையில் சோற்றுக் கரண்டி.

"எவன்யா சங்கு ஊதனது? ஒலையே கொதிக்கல, புள்ளைங்க வந்து கேரியர் குடு கேரியர் குடுன்னு பேஜார் பண்ணுதுங்க! என் புள்ள பழைய சோத்தையே தூக்கிகினு கேட்டுக்குப் பூட்டான். வாட்ச்மேன் அடிச்சித் தொரத்தறான்!"

நான் மிஷினைக் காட்டினேன். கன்னியம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா அது கேட்க வேண்டும்?

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கறியா நைனா?"

"போதும்."

கன்னியம்மா நிமிர்ந்தாள். மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யோவ், இது நீதானே? உனுக்கு நீயே சோறு போட்டுக்கினு, நீயே வோணான்றியா?"

பெண்கள் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். கன்னியம்மா மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கடி, அடுப்புல ஒல கீது" என்று கூட்டத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

தேர்வாளர் என் தாளில் இரண்டு வரி எழுதினார். 'கருவி நன்றாகப் பேசுகிறது. ஆசிரியர் பேசவில்லை.' ஃபெயில். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். மறுதேர்வு ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதமும் ஹார்பரில் கரி சுமந்தேன். ஆணியிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோளில் சரியாக இருந்தது.

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த நாள் மதியம் வீட்டில் இருந்தேன். சங்கு ஊதியது. எதிர்வீட்டிலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள்.

"இன்னா நைனா, சாப்ட்டியா?"

பக்கத்து வீட்டிலும் சிரிப்பு. கேலிதான். எனக்கும் தெரியும். "இல்ல, இப்பதான்" என்றேன். மறுபடி சிரிப்பு. அதற்கப்புறம் லைன் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. ஹார்பரில் எனக்கு வேலை இல்லாத நாளில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டு, "மிகச் சரி, உட்கார்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு ஓடும். கேலியாகவே இருக்கட்டும். கேட்டார்களே. நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வாய் கொஞ்சம் வந்தது என்று நினைக்கிறேன். மறுதேர்வில் மிஷின் இல்லை, சாக்பீஸ்தான். தட்டுத்தடுமாறிப் பாஸானேன். முப்பது வருடத்துக்குமேல் வாத்தியார் வேலை பார்த்தேன். டேப் ரெகார்டர் வந்தால் பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவேன்.

எனக்குக் கல்யாணம் ஆனதும் கன்னியம்மா முதல் காரியமாக என் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரி இருந்தவரைக்கும் சோற்றுத் தட்டை அந்தக் கேள்வியோடுதான் வைப்பாள். இப்போது அவளும் இல்லை. மில்லும் மூடியாயிற்று, சங்கும் இல்லை. மகள் வேலைக்குப் போய்விடுவாள். பேத்தி வீட்டில் இருக்கிறாள், ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள்.

போன வாரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனைச் சாய்த்து நிற்கவைத்து, அதன் முன்னால் பாடம் எடுத்தாள். அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், அதற்கு மார்க் உண்டாம். நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன். கேள்வி கேட்டாள். கொஞ்சம் பொறுத்தாள். "வெரி குட், உட்காருங்க" என்றாள். உள்ளே யாரும் இல்லை.

கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியது. கதவைத் தட்டினேன்.

"இன்னா நைனா, சாப்ட்டியா?"

உள்ளே பாடம் நின்றது. பிறகு கதவு திறந்தது.

"ஐயோ தாத்தா! ரெகார்ட் ஓடிக்கினு கீது! எல்லாம் போச்சு!"

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"இல்ல. இப்பதான்" என்றாள். சிரித்துக்கொண்டே வந்து தட்டு எடுத்தாள். இரண்டு தட்டு.