நாற்பத்திரண்டு செல்லாத சீட்டுகள்

மெராந்தித் தோட்டம்,
கோலா பிலா சாலை,
நெகிரி செம்பிலான்.
18.12.1955

குளுவாங் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் என் மதிப்புக்குரிய மச்சான் சன்னாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை மங்கம்மாவின் கணவனும், போன மாதம் வரை இந்தத் தோட்டத்தின் கணக்கெழுதிய பெரிய கிராணியுமான முருகையா வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். தோட்டத்தைச் சுற்றியுள்ள முள்கம்பி வேலியும் நலம். ரேஷன் அரிசிதான் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அங்கே உங்கள் நலமும், அக்கா நலமும், முக்கியமாக உங்கள் வீட்டு முன் அறையின் நலமும் அறிய ஆவல்.

முன் அறையை ஏன் விசாரிக்கிறேன் என்று நினைப்பீர்கள். போன கடிதத்தில், ஓய்வு பெற்றதால் இந்த மாதக் கடைசியில் கிராணி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், ஆனாலும் கவலை வேண்டாம், டவுனில் உள்ள ஜூபிலி கமர்ஷியல் காலேஜில் எனக்கு ஹெட்மாஸ்டர் பதவியும் குடியிருக்கப் பின்னறையும் உறுதி என்றும் எழுதியிருந்தேன் அல்லவா? அதில் 'கவலை வேண்டாம்' என்பதிலிருந்து கடைசி வரை அடித்துவிட்டுப் படிக்கவும். முப்பது வருஷம் பிறத்தியார் கணக்கைத் திருத்தியவன் நான். என் கடிதத்தை நானே திருத்தும்படி ஆகிவிட்டது.

காலேஜ் என்றதும் பெரிய கட்டடம் என்று எண்ணிவிடாதீர்கள். மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஆறு டைப்ரைட்டர், அதில் நாலு ஓடும். பிரின்சிபால் திருநாவுக்கரசு ரொம்ப நல்ல மனுஷன், ஆனால் ரோஷக்காரர். காலேஜின் பெயர்ப்பலகை நடைபாதைக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கு என்று டவுன் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பியது. அவர் பலகையை இறக்கவில்லை, தேர்தலில் இறங்கிவிட்டார். எதிர்த்து நின்றது யார் தெரியுமா? கீழே கடை வைத்திருக்கும் அதே மீரா சாஹிப். பிரின்சிபாலுக்கு விளக்குச் சின்னம், சாஹிப்புக்குக் குடைச் சின்னம். அன்றிலிருந்து காலேஜில் பாடம் ஏது? டைப்பிங் வகுப்பின் வேகப் பரீட்சையில் அடித்ததெல்லாம் தேர்தல் நோட்டீஸ். சுருக்கெழுத்து வகுப்பு கீழே போய் மேசையில் உட்கார்ந்து, சாஹிப் பேசுவதை எல்லாம் எழுதி வந்தது. அவர் பேசியது பூராவும் பரோட்டாவும் டீயும்தான். அந்த டீயையும் அவரே கொடுத்தார். எழுதிக் களைத்த பிள்ளைகள் ஆயிற்றே என்று கூட ஒரு பிஸ்கட்டும் வைத்தாராம்.

நம் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயமும், அதை ஒட்டிய கிராணி வீடும் இந்த வருஷம் டவுன் எல்லைக்குள் வந்துவிட்டன. லயத்தில் நாற்பத்தொரு பேருக்கு ஓட்டு. நாற்பத்தொரு பேரும் கைநாட்டு. பிரின்சிபால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகையா, காலேஜ் சார்பில் அவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துங்கள், ஆளுக்கொரு கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள், நன்றியோடு விளக்குக்கு ஓட்டுப் போடுவார்கள். நான் கவுன்சிலுக்குப் போய்விட்டால் காலேஜைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? நீங்கள்தான் ஹெட்மாஸ்டர். பின்னறையும் உங்களுக்குத்தான்" என்றார். ஹெட்மாஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மச்சான். நீங்களாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

ரப்பர் பால்வெட்டு முடிந்து பிற்பகலில் வகுப்பு. ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு மாதம் உயிரை விட்டுக் கற்றுக்கொடுத்தேன். நடுவில் ஒரு வம்பு. கதவருகே அரிசி கடத்துகிறார்களா என்று சோதிக்கும் காவல்காரன், என் வகுப்பில் படிக்கும் மயிலம்மாளின் பால் வாளியில் ஒரு தாளைப் பிடித்துவிட்டான். தாள் முழுக்க ஒரே வார்த்தை நூறு தடவை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போகும் ரகசியச் சேதி என்று இன்ஸ்பெக்டரிடம் கொண்டு போய்விட்டான். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் "மயிலம்மாள், மயிலம்மாள், மயிலம்மாள்" என்று இருபது தடவை படித்துவிட்டு, "மிச்சமும் இதேதான் சார்" என்றார். என்னைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். வீட்டுப்பாடம் என்றேன். நம்பவில்லை. மயிலம்மாளையே எழுதிக் காட்டச் சொன்னார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் குடித்து முடித்தார், அவள் 'ம்' வரைக்கும்தான் வந்திருந்தாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்ததும் அந்த மனுஷன் எழுந்து கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

ஓட்டுக்கு முதல் நாள் எல்லாரையும் உட்கார வைத்து, சீட்டில் விளக்குப் படத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று விளக்கினேன். அப்போதே மயிலம்மாளின் முகம் சரியில்லை. "கிராணி ஐயா, கீறல் போடுறது எழுத்துத் தெரியாதவங்கதானே? ரெண்டு மாசம் பாடம் படிச்சிட்டு, மறுபடி கோடு கிழிச்சிட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். "சொன்னதைச் செய்" என்று அதட்டினேன். அங்கேதான் தவறிவிட்டேன். சட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டு நாளில் நாற்பத்தொரு பேரும் வெள்ளை வேட்டி, புதுச் சேலை, கையில் அடையாளக் கார்டு என்று காலேஜ் அனுப்பிய லாரியில் திருவிழா மாதிரிப் போய் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் மறைப்புக்குள் போய் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் இருந்தார்கள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அதிகாரிக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அன்றைக்கு மட்டும் வேலிக் கதவை நேரம் கழித்துப் பூட்ட உத்தரவு, அதனால் எல்லாரும் வாசலிலேயே காத்து நின்றார்கள். சாயங்காலம் எண்ணும்போது புரிந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒரு சீட்டை விரித்துப் பார்த்து, மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார். அவர் கணீரென்று "முனியாண்டி!" என்று படித்தார். உடனே வாசலில் நின்ற முனியாண்டி, "இருக்கேன்யா!" என்று குரல் கொடுத்தான். உங்களுக்குத்தான் தெரியுமே, விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அடுத்து "பஞ்சாலை!" "இருக்கேன்யா!" அடுத்து "மயிலம்மாள்!" "இந்தா வந்துட்டேன்!" என்று அவள் உள்ளேயே வந்துவிட்டாள். நாற்பத்தொரு சீட்டுக்கும் நாற்பத்தொரு குரல். ஓட்டுப் போட்டவர் யாரென்று தெரிந்தால் அந்தச் சீட்டு செல்லாதாம். இங்கே தெரிந்தது மட்டுமா, ஆளே ஆஜர்! நாற்பத்திரண்டாவதாக இன்னொரு செல்லாத சீட்டும் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் அதிகாரி தானே பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முடிவு: மீரா சாஹிப்புக்கு நூற்றெண்பத்தாறு, பிரின்சிபாலுக்கு நூற்றெண்பத்தைந்து. ஒரே ஓட்டு! சாஹிப் தங்கமான மனுஷன், பிரின்சிபாலைக் கட்டிப்பிடித்து, "போர்டை எறக்க வேணாம் சார், என் கடைக்கு நிழலா இருக்கட்டும்லா" என்று சொல்லி எல்லாருக்கும் டீ கொடுத்தார். பலகை பிழைத்துவிட்டது. ஆனால் பிரின்சிபால் பிரின்சிபாலாகவே இருந்துவிட்டார், பின்னறையில் அவரே படுத்துக்கொள்கிறார். உங்கள் தங்கையோ, "ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுத்தீங்க, நமக்கு ஒண்ட இடம் இல்லாமப் போச்சு. ஒரே ஒரு ஓட்டாமே! எந்தப் புண்ணியவான் கெடுத்தானோ, அவன் கையில கரப்பான் ஏற" என்று தினமும் மூன்று வேளையும் வாழ்த்துகிறாள். நானும் அவளும், தையல் மெஷினும், ஒரு கிளிக்கூண்டும், வருகிற முப்பத்தொன்றாம் தேதி ரயிலில் வந்து சேர்வோம். முன் அறையைக் காலி செய்து வைக்கவும். கிளி அதிகம் பேசாது. மங்கம்மாவைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும், அக்காவுக்கு மூட்டுவலியிலிருந்து விடுதலையும், உங்களுக்குச் சம்பள உயர்வும், எல்லாருக்கும் காடு அடங்கிய நாட்டில் நிம்மதியான தூக்கமும் தர அந்த முருகனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இடமில்லா மாப்பிள்ளை,
முருகையா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. நல்லவேளை. இன்று சம்பள நாள். புதுக் கிராணி கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டியிருக்கிறான். முனியாண்டி அதைத் தள்ளிவிட்டு, "பேனாவைக் குடுங்க" என்றானாம். அவனுக்குப் பின்னால் நாற்பது பேரும் அப்படியே. மணி ஐந்தாகியும் பாதி வரிசை அப்படியே நின்றது. தோட்டத்து மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இவர்களைக் கெடுத்தது நீதானா? பழையபடி பெருவிரலுக்கு மாற்று" என்றார். மயிலம்மாள் முன்னால் வந்து, "வெரலு இனிமே வராது தொரை" என்றாள். துரை கொஞ்ச நேரம் வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "சரி, வேகமாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடு. எல்லாரும் தேறும் வரை நீ வீட்டைக் காலி செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். புதுக் கிராணி ஒண்டிக்கட்டை, ஆபீஸ் பின்கட்டில் படுத்துக்கொள்வான். ஆகவே முன் அறையைக் காலி செய்ய வேண்டாம். முனியாண்டியின் வேகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு வீடு உண்டு. நானும் அவனை அவசரப்படுத்தப் போவதில்லை.

இன்னொன்று. அந்த நாற்பத்திரண்டாவது சீட்டு என்னுடையது. விளக்குக்கு நேரே பெருக்கல் குறி சரியாகத்தான் போட்டேன். முப்பது வருஷப் பழக்கம், கை நிற்கவில்லை. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, சரிபார்த்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்துவிட்டேன். அது செல்லியிருந்தால் இரண்டு பேரும் சமம், சீட்டுக் குலுக்கியாவது பார்த்திருப்பார்கள். பிரின்சிபால் அந்த ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், நானும் கூடவே தேடுகிறேன். நீங்கள் பதில் எழுதும்போது இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். மங்கம்மா இப்போது தபாலைப் பிரித்து எழுத்துக்கூட்டித் தானே படிக்கிறாள். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.