டைட்டஸ் வெள்ளம் வென்ற படலம்

முக்கடலும் முட்டி மோதும் தென்முனைக்கு மேற்கே, குளச்சல் கரையிலே, தென்னந்தோப்புக்கும் பஞ்சாயத்துக் குழாய்க்கும் நடுவே ஓட்டுவீடு கொண்டவனும், கத்தாரின் கொடுவெயிலில் ஆறாண்டு வெந்தும் வேகாதவனும், தலைக்கவசம் அணியாத கொத்தனாரைக் கண்டால் கழுத்து நரம்பு புடைக்கக் கூவும் பாதுகாப்பு உதவியாளனும், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதவனுமாகிய டைட்டஸின் திருப்புகழை உரைக்கப் புகுந்தோம்; கலைகளின் காவல் தெய்வங்கள் யாராயினும் நெட்வொர்க் உள்ள இடமாகப் பார்த்து வந்து அமர்க.

சென்னைப் பெருவெள்ளம் வடிந்த மறு ஆண்டு அது. உதவியாளன் மேற்பார்வையாளனாக உயர்ந்து மீண்டும் கடல் தாண்ட வேண்டுமெனில் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குத் தேர்வு வேண்டும். தேர்வுக்கு வருகைப்பதிவு வேண்டும். அதற்காகவே அவன் லேப்டாப்பின் முன் தவமிருந்தான். பாடம் நடத்தியவர் வேளச்சேரியிலிருந்து ஹேமலதா மேடம். அவர் நினைத்த நேரத்தில் திரையின் நடுவே 'இருக்கிறீர்களா?' என்றொரு பெட்டி எழும். மறைவதற்குள் அதை அமுக்காதவன் அன்று வராதவன். டைட்டஸ் ஒருமுறை உறக்கத்திலும், ஒருமுறை கிரிக்கெட்டிலும், ஒருமுறை தக்கலையில் நடந்த யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்திலும் வீழ்ந்து, அனுமதித்த விடுப்பையெல்லாம் தின்று தீர்த்திருந்தான். இன்று கடைசி வகுப்பு. இன்றும் பெட்டி தப்பினால் தேர்வு இல்லை. மேற்பார்வையாளன் விசா வேறொருவனுக்கு.

பள்ளிக்கூடத்தில் இந்த மாவீரன் பட்ட இடர் இவ்வளவு இல்லை. அங்கே கவனத்தைக் கவர வந்த பகைவர்க்கு எல்லை உண்டு: ஒரு சன்னல், ஒரு காக்கை, பக்கத்து பெஞ்சில் ஒரு சிலுவைமுத்து. மூவரையும் வாத்தியாரின் ஒரே சாக்பீஸ் துண்டு அடக்கிவிடும். கண் திறந்தபடி உறங்கினாலும் 'உள்ளேன் ஐயா' என்று சிலுவைமுத்துவே குரல் கொடுப்பான். இங்கோ, பாடம் ஓடும் அதே கண்ணாடிக்குள்ளேயே ஊரும் உலகும் ஒளிந்து நிற்கின்றன. எறிய சாக்பீஸும் இல்லை, இரவல் குரல் கொடுக்க சிலுவைமுத்துவும் இல்லை.

ஆயினும் அன்று அவன் போரிட்டான். வாட்ஸாப் என்னும் தேனீப்படை தொடையருகே ரீங்கரிக்க, போனைத் தலையணைக்குள் புதைத்தான். திரையோரத்தில் மலிவு விலைச் செருப்பொன்று மினுமினுக்க, நெற்றியைச் சுருக்கி அதை வென்றான். மீன்காரர் பைக்கின் ஹாரன் ஒலி, கூடைக்குள் சாளையும் அயிலையும் துள்ளுவதை உணர்த்த, எச்சிலை விழுங்கி அதையும் கடந்தான். தீயணைப்புக் கருவி எத்தனை வகை என்று மேடம் வினவ, மைக்கைத் திறந்து சரியாகவே விடை பகர்ந்தான். பகர்ந்தவன் மைக்கை மூட மறந்தான். மாபெரும் கோட்டைகள் இப்படித்தான் வீழும்.

அக்கணம் வாசலில் மனைவி ரீத்தாவின் குரல் முரசென அதிர்ந்தது.

"வெள்ளம் வந்தாச்சு! எழும்பி ஓடியாரும். தெருவே ஓடியாச்சு, இங்க ஒரு ஆளு கம்ப்யூட்டர் பாத்துட்டு இருக்காரு."

அறிக: குமரி மேற்கில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம், குழாயில் சில நாளுக்கொருமுறை கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும் வெள்ளமே. வேளச்சேரியிலோ அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. முந்தைய டிசம்பரில் அது ஹேமலதா மேடத்தின் வீட்டுக்குள் மார்பளவு புகுந்து, பீரோவைப் படுக்கவைத்து, அவர் தாயாரைப் படகில் ஏற்றியது.

பெட்டி எழுமோ என்று திரையையும், வாசலையும், மீண்டும் திரையையும் நோக்கினான் டைட்டஸ். சான்றிதழா, குடமா? கடல் தாண்டும் கனவா, கறி வைக்கும் கடமையா? ரீத்தா இரண்டாம் முறை கூவமாட்டாள் என்பதும், கூவாவிட்டால் என்ன ஆகுமென்பதும் இத்தெருவே அறிந்தது. எழுந்தான்.

"நீ முன்ன போ ரீத்தா. இருக்கதெல்லாம் எடுத்துட்டு வாறேன்."

இருந்தவை குடங்களும் அண்டாவும். ஆனால் சென்னை வரை கேட்டது அலுமினிய ஓலமும், பெண்களின் ஆரவாரமும், எங்கோ பாயும் நீரின் இரைச்சலும்தான். மேடம் பாடத்தை நிறுத்தினார். 'டைட்டஸ், மெயின் சுவிட்சை அணையுங்கள், உயரமான இடத்துக்குப் போங்கள்' என்று வெறும் நாற்காலிக்கு ஆணையிட்டார். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பயின்ற மாணவர்கள், பாதுகாப்புக் கல்வி கற்றவர்களுக்கே உரிய முறையில், ஒன்றும் செய்யாமல் வாய் பிளந்திருந்தனர். மேடம் ஒரு கையில் போனை எடுத்துக் குமரி மாவட்டத்து அவசர எண்ணைத் தேடலானார். பெட்டியை எழுப்ப யாருக்கும் நினைவில்லை.

குழாயடிப் போரை விரித்தால் ஏடு கொள்ளாது. முழங்கால் வரை நனைந்து, முகத்தில் வெற்றியும் இடுப்பில் பிடிப்புமாக, டைட்டஸ் மீண்டு வந்து அமர்ந்தான். திரை நிறைய முகங்கள் அவனையே நோக்கின.

"டைட்டஸ்! நல்லா இருக்கீங்களா? வெள்ளம் எவ்வளவு?" என்றார் மேடம், போனைக் கையில் பிடித்தபடியே.

மாணவன் வீட்டுக் குடத்தின்மேல் இத்தனை அக்கறையோ என நெகிழ்ந்தான் வீரன்.

"நாலு கொடமும் ஒரு அண்டாவும் மேடம். மேல வீட்டுக்காரிக்குத்தான் ஒம்பது கொடம் கிட்டிச்சு."

(ஒன்பது என்பது மிகை. ஏழுதான்.)

சேலத்துக்காரர் ஒருவர் மைக்கை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். மேடம் போனை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ நிஜமாவே வெள்ளம் வந்தா, அதை உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?"

டைட்டஸ் நனைந்த கைலியைப் பிழிந்தான்.

"அதுவும் வெள்ளம்தான் மேடம்."

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டு, வேறு வழியறியாது, விட்ட இடத்திலிருந்து கடமையைத் தொடர்ந்தார். அப்போது, காரிருள் கிழித்தெழும் கதிரென, ஊழிக்கால முழக்கமென, விதியின் வினாவென, திரை நடுவே எழுந்தது 'இருக்கிறீர்களா?' என்னும் அப்பெட்டி. எழுந்த மாத்திரத்தில், ஈரம் சொட்டும் ஆள்காட்டி விரலை வேலென ஓங்கி, மூவேந்தரும் நாணும் வண்ணம், அமுக்கினான் டைட்டஸ்.

இனி வெள்ளம் வியாழக்கிழமைதான் வரும்.