இடுப்பை விட்டு இறங்காத சாவி

என் உடலில் உயிர் உள்ளவரை லேண்ட்ரோவர் சாவியை வேறொருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்று ஆயுத பூஜையன்று சபதம் செய்தேன். சூடம் எரிந்துகொண்டிருந்தது. சாட்சிக்கு மாரியம்மன் படம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பத்துமலை இருந்தான். அவித்த கடலை இருந்தது. என் மனைவி நவமணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கடலைக்குத் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அங்கே துரை ஓட்டிய டீசல் லேண்ட்ரோவர் என் கைக்கு வந்தது. என் அப்பா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அந்த வண்டி வந்தால் ஓரமாக நின்று சலாம் போட்டவர். அதே வண்டியில் நான் ஈப்போவுக்கு வந்து, எங்கள் புந்தோங் வீதியில் திரும்பியபோது, யாராவது எனக்குச் சலாம் போடுகிறார்களா என்று பார்த்தேன். ஒரு நாய் குரைத்தது. அதையே சலாமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நட்டு போல்ட்டுக் கடையில் வேலை. ஆகவே இஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மெக்கானிக் ஒருவனையும் வண்டியைத் தொட விட்டதில்லை.

சபதத்துக்குக் காரணம் நவமணிதான். அவளுடைய அக்கா செல்லாயி பாகான் டத்தோவில், தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருக்கிறாள். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏற வேண்டும். நான் கூட்டிப் போனால் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் நான் பத்துமலையோடு கோப்பெங் ஆற்றுக்குத் தூண்டில் போடப் போய்விடுவேன்.

"எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. நானே போயி அக்காவப் பார்த்துட்டு வாரேன்" என்றாள்.

"டீசல் வண்டிலா நவமணி. ஸ்டீரிங் கல்லு மாதிரி இருக்கும். பொம்பளைங்க கைக்கு அடங்காது."

"ஒங்களவிடவா?"

"நான் என்ன வண்டியா?"

"வண்டிக்காச்சும் பின்னால போற கியர் ஒண்ணு இருக்கு. ஒங்களுக்கு அதுவும் இல்ல."

பத்துமலை வயிறு குலுங்கச் சிரித்தான். அதன்பிறகு சபதம் செய்யாமல் ஓர் ஆம்பளை எப்படி இருக்க முடியும்?

சபதம் முடிந்ததும் வண்டிக்குப் பொட்டு வைக்கும் வேலை. வைத்தது நவமணி. மேற்பார்வை நான்.

"லைட்டுக்கு வெச்சியா? ஸ்டீரிங்? சரி, டாங்கி மூடிக்கு?"

"மூடிக்குமா?"

"அதான்லா வண்டிக்கு வாயி. நல்லா வெய்யி."

நன்றாகவே வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கோப்பெங் போகும் வழியில் வண்டி இருமியது. பிறகு முக்கியது. பிறகு கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி விட்டு விட்டு இழுத்தது. ஓரங்கட்டினேன். டாங்கி முள் வேலை செய்யாத வண்டி அது. அதனால் எந்த வைத்தியத்துக்கும் முன்னால் டாங்கி மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு, டீசல் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். நிறைய இருந்தது. அப்புறம் பானெட்டைத் தூக்கி, டீசலில் வரும் தண்ணீரும் அழுக்கும் தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினேன். குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றினேன். சாவியைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது.

"கிண்ணத்துல அழுக்கு. அவ்வளவுதான்" என்றேன்.

"அண்ணே, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றான் பத்துமலை.

அதற்கடுத்த வாரம் மறுபடி இருமல். குச்சி விட்டுப் பார்த்தேன். எண்ணெய்க் குழாய் நட்டை இறுக்கினேன். ஓடியது. மறு வாரம் குச்சி விட்டுப் பார்த்தேன். டீசல் பில்டரை மாற்றினேன். ஓடியது. வாரம் ஒரு நோய். வாரம் ஒரு வைத்தியம். வைத்தியம் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பிழைத்துக்கொள்கிறது; பிழைத்தது மறு வாரம் படுத்துக்கொள்கிறது. வேலை நாளில் வீட்டுக்கும் கடைக்கும் சமர்த்தாக ஓடியது. சனிக்கிழமை மட்டும்தான் மக்கர்.

பத்துமலை யோசித்து ஒரு காரணம் சொன்னான். "அண்ணே, கோப்பெங் பக்கம் வந்தாத்தான் இது இழுக்குது. பழைய தோட்டத்து நெனப்பு. துரைய நெனச்சு அழுவுது."

இதில் எனக்கு ஒரே ஆறுதல் நவமணிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்து, சந்தனத்தைத் தானே அரைத்து, வண்டிக்குப் புதிதாகப் பொட்டு வைப்பாள். சாவி கேட்டுச் சண்டை போட்டவள் இப்போது அந்த வண்டிக்கே பூஜை செய்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில் செல்லாயி மகள் பெரியவளானாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. சின்னம்மா இல்லாமல் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். நவமணி பட்டுப் புடவையில், மடியில் சீர்த்தட்டோடு ஏறினாள். நான் வெள்ளைச் சட்டை. பத்து காஜா டவுனைத் தாண்டி, இரு பக்கமும் ரப்பர் மரம் மட்டுமே இருந்த இடத்தில் வண்டி இருமியது. முக்கியது. நின்றது.

இறங்கிப் பின்னால் தேடினேன்.

"குச்சி எங்க நவமணி?"

"எந்தக் குச்சி? மூலையில கெடந்த மூங்கிலா? காலையில சுடுதண்ணி போட அடுப்புல வெச்சிட்டேனே."

"அதப் போயி எரிச்சிட்டியா!"

"அதான் நேத்து டாங்கி நெறைய எண்ணெ அடிச்சீங்கல்ல. அப்புறம் குச்சி எதுக்கு?"

நியாயம்தான். நேரே பானெட்டுக்குப் போனேன். கிண்ணத்தைக் கழுவினேன். நட்டுகளை இறுக்கினேன். காற்றை வெளியேற்றினேன். வண்டி உறுமும், இருமும், அணையும். எனக்குத் தெரிந்த நோய் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தாயிற்று. வெள்ளைச் சட்டை டீசலில் குளித்துவிட்டது. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

"நல்ல நேரம் போவுது. பிள்ளைய ஒக்கார வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்னை என்னலா பண்ணச் சொல்ற?"

"நான் பார்க்கவா?"

"நீயா? நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா ஒனக்கு?"

"பார்த்து, ஓடிருச்சுன்னா?"

"ஓடிருச்சுன்னா சாவிய ஒன் கையிலயே குடுத்துடுறேன். ஓட்டவும் கத்துக் குடுக்குறேன். போதுமா?"

"மாரியம்மா சாட்சியா?"

"சாட்சியா."

தட்டை என் கையில் கொடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டாங்கிப் பக்கம் போனாள். மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் விட்ட மாதிரி இருந்தது. தோள் பக்கத்து ஊக்கைக் கழற்றி, மூடியில் ஒரு புள்ளியைக் குத்திக் குடைந்தாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே கடுகளவு ஓட்டை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முதலில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டு ஓடியது. எனக்குத்தான் இருமல் வந்தது.

"பால் டின்னுல ஒரு ஓட்ட போட்டா பால் ஊத்துமா?" என்றாள், ஏறி உட்கார்ந்து. "இன்னொரு ஓட்ட போட்டாத்தான் காத்து உள்ள போயி பால் வெளிய வரும். இதுவும் அப்படித்தான். எண்ணெ போவப் போவக் காத்து உள்ள வரணும். அந்த ஓட்டையச் சந்தனம் அடைச்சிருச்சு. கடைக்குப் போற தூரத்துக்குத் தாங்கும், அதுக்கு மேல தாங்காது. நீங்க குச்சி விட மூடியத் தொறந்தீங்கல்ல, அதுலதான் ஓடிச்சு. மத்ததெல்லாம் ஒங்க கைக்கு எக்சசைஸ்."

"சந்தனம் வெச்சது நீதான!"

"வெக்கச் சொன்னது யாரு? வண்டிக்கு வாயி, நல்லா வெய்யின்னு நின்னு சொன்னீங்களே."

தட்டை அவள் மடியில் வைத்துவிட்டுக் கியரைப் போட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நவமணி தண்ணீர் ஊற்றினாள். செல்லாயி என் சட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி பாவம், ரொம்ப சூசா, கஷ்டப்பட்டுட்டாரு" என்றாள். நவமணி ஒரு வார்த்தையும் போட்டுக் கொடுக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகவே கியர் மாற்றினாள். லைசென்சும் எடுத்தாள். அதன்பிறகு சனிக்கிழமையானால் சாவி அவள் இடுப்பில். வண்டி பாகான் டத்தோவில். நானும் தூண்டிலும் புந்தோங்கில். துரை வண்டியை ஓட்டிக்கொண்டு அவள் வீதி முனை திரும்பும்போது ஒரு பெருமை வரும். அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பத்துமலை பார்க்கிறானே. "அண்ணே, அண்ணி இன்னைக்கும் போயிட்டாங்களா?" என்று தினுசாகக் கேட்பான்.

ஒரு சனிக்கிழமை விடியலில், அவள் குளிக்கப் போனபோது, ஒரு விரல் சந்தனத்தைக் குழைத்து மூடி ஓட்டையில் வைத்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. வண்டி வழியில் முக்கும். அவள் எங்காவது கடையில் இருந்து பத்துமலை வீட்டுக்குப் போன் போடுவாள். "சீக்கிரம் வாங்களேன்" என்பாள். நான் ஊக்கோடு போய் நிற்பேன். சாவி திரும்பி வரும்.

பத்துமலை வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூடி ஓட்டை இருக்கும் இடம் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே என்று மனதைத் தேற்றினேன். தேறவில்லை. நடு ரோட்டில் அவள் தனியாக நனைந்துகொண்டு நிற்கிற மாதிரியே தோன்றியது. அவள் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது? போன் வேண்டாம், சாவி வேண்டாம், அவள் வந்தால் போதும் என்று குடையை எடுத்துக்கொண்டு வீதி முனையில் போய் நின்றேன்.

பொழுது சாயும்போது லேண்ட்ரோவர் வந்தது. ஒரு இருமல் இல்லை. ஒரு முக்கல் இல்லை. பின்னால் நிறையத் தேங்காய். எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டாள்.

"மழையில ஏன் நிக்கிறீங்க? ஏறுங்க."

ஏறினேன். தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டாள். அப்புறம் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"சந்தனத்துல தண்ணி கூடிப் போச்சுங்க, பக்கத்து ஊரு லகாட் தாண்டுறதுக்குள்ளயே உதுந்திருச்சு, நான் ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கெட்டியா வெப்பேன், கோப்பெங் வரைக்கும் நின்னுச்சில்ல?"