செட் சார் கை நனைத்த கதை

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஆரப்பாளையத்தையே காலி செய்யக்கூடியவர் செட் சார் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் நான் தங்கியிருந்த லாட்ஜில் அவருக்கு அடுத்த அறை. டுட்டோரியலில் இங்கிலீஷ் வாத்தியார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பெயர்ச்சொல்லில் ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

அவர் உயிர் ‘செட்’ என்ற வார்த்தையில் இருந்தது. மைக் செட், பம்பு செட், செட் தோசை, நாடகத்துக்குப் போடுகிற செட், லாட்ஜில் ஒன்றாகச் சுற்றிய எங்கள் வெட்டி செட், இத்தனையையும் ஒரு வார்த்தை தாங்குகிறதே என்று கண் கலங்குவார். அதுவும் ஒரு வார்த்தை இல்லையாம், இரண்டு வார்த்தையாம். ‘வை’, ‘அமர்த்து’ என்ற பொருளில் வருவது பழைய இங்கிலீஷ்காரன் வீட்டுப் பிள்ளை. கூட்டம் என்ற பொருளில் வருவது லத்தீனில் புறப்பட்டு, பிரான்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுகின்றன என்பார். ஒருநாள் இதை டீக்கடை அண்ணனிடம் சொல்லப்போக, அவர் பாய்லரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்பேர்ப்பட்டவரை எனக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனது என் தாய்மாமா. அம்மா சொன்ன பெண் திருவாதவூர். மாமாவுக்கோ கோச்சடையில் தனக்கு வேண்டியவர் மகளை என் தலையில் கட்டிவிட எண்ணம். அம்மாவின் வாயை அடைப்பதற்காகத் திருவாதவூருக்கு ஒரு நடை போய், பெயருக்குப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. கூட ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வந்தால் கௌரவம் என்று சாரையும் சேர்த்துக்கொண்டார். பஸ்ஸிலேயே எச்சரிக்கையும் செய்தார்.

“வாத்தியாரே, காப்பியோட நிறுத்திக்கங்க. பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். அம்புட்டுதான் சொல்வேன்.”

சார் பலமாகத் தலையாட்டினார். பாடம் புரியாத பையன்களும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

பெண் வந்து காப்பி வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மாமாவை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் கோழிகூடத் துணியாது. இவளை இனிமேல் பார்க்கவே முடியாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

பெண்ணின் அப்பா விவசாயி. பேச்சுவாக்கில், தோட்டத்தில் பம்பு செட் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். தொலைந்தது. சார் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். மாமா இருமினார். காலை மிதித்தார், அது என் காலாக இருந்தது. பெண்ணின் அப்பாதான் பாவம், முகம் சுளிக்காமல் “அப்புறம்?” என்று கேட்டுவிட்டார். சார் வாழ்க்கையில் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் இந்த விவசாயியாகத்தான் இருக்கும்.

உச்சிப்பொழுதாகி இலையும் போட்டார்கள். மாமா சோறு வேண்டாமென்று கைகூப்பி எழுந்தார். திரும்பிப் பார்த்தால், சார் இலை முன்னால் உட்கார்ந்து குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் பிரான்சில் இருந்தது.

பெண்ணின் அப்பா முகம் மலர்ந்து, “கை நனைச்சுட்டாக. பெறகென்ன, தட்டு மாத்திக்கிருவோம்” என்றார்.

“அவரு எங்க சொந்தமே இல்ல. லாட்ஜுல கெடக்குற ஆளு” என்று மாமா பதறினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கை கழுவிவிட்டு வந்து, சாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா எங்களை விட்டுவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தான் செய்த காரியம் சாருக்கு உறைத்தது லாட்ஜ் படியேறும்போதுதான். “தம்பி, ஒங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டனா?” என்று அழாத குறையாகக் கேட்டார். அன்று முழுக்க அவர் ‘செட்’டைப் பற்றிப் பேசவில்லை. லாட்ஜில் எல்லோரும் அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சார் வாசலிலேயே நின்று, “கை நனைக்கலாமா தாயி?” என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவளும் இலையைப் போட்டு, எதிரே உட்கார்ந்து, அவளுடைய அப்பா மாதிரியே “அப்புறம் சார்?” என்பாள். நான் நைசாகக் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

சார் இப்போது இல்லை. அந்த ‘அப்புறம்?’ இப்போது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை.