ஒரு வாய் உபகாரியின் இடது கை

குற்றச்சாட்டு: 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மதியம், மதுரை விளாங்குடியிலுள்ள என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மனைவி பெர்சியின் மூத்த சகோதரரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமாகிய திரு. ஜெரால்ட் அவர்கள், உணவுக்கு முன்னான ஜெபத்தைத் தாமே நடத்திக்கொண்டிருக்கையில், வீட்டார் கண்களை மூடியிருந்த நிலையைப் பயன்படுத்திக்கொண்டு, தம் இடது கையால் ஆட்டு நெஞ்செலும்பு ஒன்றை மேசைக்கடியில் இறக்கி, நான்கு நாய்கள் வாழும் ஒரு வீட்டின் அமைதியைக் குலைத்தார்.

குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். ஆகவேதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

வாசகரே, ஜெரால்ட் ஒரு தனிமனிதர் என்றும், இது எங்கள் குடும்பத் தகராறு என்றும் எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஜெரால்ட் ஓர் இனம். திருப்பரங்குன்றத்தில் அவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவில் இருவராவது இருப்பார்கள். அந்த இனத்திற்கு நான் ‘ஒரு வாய் உபகாரி’ என்று பெயரிட்டிருக்கிறேன். ‘ஒரே ஒரு வாய்தானே’ என்பது அவருடைய வேதம், சட்டம், சாக்கு ஆகிய மூன்றும்.

ஒரே ஒரு நாய் உள்ள வீட்டில் இவரால் பெரிய தீங்கில்லை. அந்த நாய் சற்றுப் பருக்கும், அவ்வளவுதான். நான்கு நாய்கள் உள்ள வீட்டிலோ ஒரு வாய் என்பது ஒரு வாய் அல்ல. ஒருவருக்குக் கிடைத்ததும் மூவருக்கு மறுக்கப்பட்டதும் ஆகும். இந்த எளிய உண்மையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. நாய் வளர்ப்பைப் பற்றி நான் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. கடித்த இடங்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது.

என் வீட்டு ஏற்பாட்டை இங்கே பதிவு செய்கிறேன். ஜிம்மி கிழவன், பல் குறைவு, ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் இன்னொரு நாய் ஒரு தட்டையே முடித்துவிடும். அப்படி முடித்துவிடுகிற அந்த இன்னொரு நாய் ராணிதான். பிளாக்கி யார் தட்டில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துவிட்டுத்தான் தன் தட்டுக்கு வரும். நான்காவது சோடா. மாட்டுத்தாவணியில் ஒரு சோடாக் கடைக்குப் பின்னால், பசியோடு கிடந்த குட்டியாகக் கிடைத்தது. பசியை அது இன்னும் மறக்கவில்லை. தன் முன்னால் இருக்கும் உணவைத் தன் உயிரென்று நினைக்கும். அடுத்தவர் முன்னால் இருப்பதையும் அப்படியே நினைக்கும். ஆகவே நான்கு தட்டு, நான்கு இடம், சோடாவுக்கு மட்டும் பின்கட்டில் தாழிட்ட கதவு. நாய்கள் உண்டு முடித்த பிறகே நாங்கள் உண்போம். அப்போது நான்கும் தத்தம் சாக்கில் படுத்திருக்கும். மேசையிலிருந்து எதுவும் கீழே வராது. ஒருபோதும் வராது. எதுவும் வராது என்று உறுதியானால் நாய்களுக்குச் சண்டையிடக் காரணமில்லை. எதுவோ வரலாம் என்ற நம்பிக்கைதான் அவற்றைக் கெடுக்கிறது.

அந்த நம்பிக்கையை விதைப்பவரே ஒரு வாய் உபகாரி.

அவரை எப்படி அடையாளம் காண்பது? மிக எளிது. அவருக்கு நாய்களின் கண்களை வாசிக்கத் தெரியும். வந்து உட்கார்ந்ததும் தொடங்குவார்.

“பாவம் மாப்ள, என்னையவே பாக்குது பாருங்க.”

“அது சாப்பிட்டு முடிச்சிருச்சு மச்சான்.”

“சாப்பிட்ட நாய் இப்பிடியா பாக்கும்? கண்ணுல எம்புட்டு ஏக்கம்!”

“அது எலும்பைப் பாக்குது மச்சான்.”

“என்னையப் பாக்குது மாப்ள. உங்களுக்குத் தெரியாது.”

நாள்தோறும் அரிசி களைந்து, கோழிக்கால் வேகவைத்து, முள் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து, தட்டுக் கழுவி, வாந்தி துடைக்கும் எனக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து போகும் அவருக்குத் தெரியும். இந்த இனத்தின் அறிவு வருகையின் அருமையைப் பொறுத்துப் பெருகுவது.

இதில் கிளை வகைகளும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் சோணைமுத்து ‘கேட் வழி’ வகையைச் சேர்ந்தவர். டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி வந்து, கம்பி இடுக்கில் ராணிக்கு மட்டும் நீட்டுவார். அன்று ராணி தன் சோற்றைத் தொடாது; மிஞ்சிய சோற்றுக்காக உள்ளே ஒரு போர் மூளும். கையும் பொறையுமாகப் பிடித்து விசாரித்தால், “நான் பாட்டுக்குத்தாண்ணே போனேன், அதுதாண்ணே கூப்பிட்டுச்சு” என்பார். வேறு சிலருக்குக் கை தவறும். சோறு தவறாது, குழம்பு தவறாது, கறித்துண்டு மட்டும் தவறும். தவறியது மிகச் சரியாக நாயின் வாய்க்குள் விழும். இன்னும் சிலர் கொடுத்துவிட்டு நாயிடமே, “சொல்லிராத, என்ன?” என்று கேட்டுக்கொள்வார்கள். நாய் சொல்லாது என்பது அவர்கள் கணிப்பு. இக்கணிப்பு எவ்வளவு தவறானது என்பதைப் பின்னால் காண்க.

ஜெரால்ட் இவ்வெல்லா வகைகளுக்கும் மேலானவர். ‘மேசையிலிருந்து நாய்களுக்கு உணவளிக்க வேண்டாம்’ என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அதைக் கண்ணாடி அணிந்து உரக்க வாசித்தார். “மாப்ள, உங்க கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கு” என்று பாராட்டினார். பாராட்டும்போது அவருடைய வலது கை அட்டையைச் சுட்டிக்கொண்டிருந்தது. இடது கையை நான் காணவில்லை. இது தொடர்பாக நான் எழுதிய மூன்று கடிதங்களின் நகல்களும், அவை கிடைத்ததற்கான அஞ்சல் ஒப்புகைச் சீட்டுகளும் என்னிடம் உள்ளன. பதில் ஒன்றும் இல்லை.

இனி, ஜெபம். மற்ற நாள்களில் பெர்சி ஜெபிப்பாள். சுருக்கமாக இருக்கும், குழம்பு ஆறாது. விருந்தினர் வந்தால் மூத்தவரான ஜெரால்ட் ஜெபிப்பது வழக்கம். நாய்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அவருடைய ஜெபமும் சுருக்கமானதே. வந்த பிறகு நீண்டது. ஆகாரத்திற்காக ஸ்தோத்திரம் சொல்வதோடு நில்லாமல், சமைத்த கைகளுக்காகவும், மழைக்காகவும், பிரயாணத்தில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிவிட்டு, இறுதியில் குரல் தழுதழுக்க, “ஆகாரமில்லாமல் தவிக்கிற சகல ஜீவன்களையும் நினைத்தருளும்” என்பார். அந்த இடத்தில்தான் கை இறங்கும்.

நவம்பர் 17 அன்றும் அந்த இடத்தில்தான் இறங்கியது. சகல ஜீவன்களில் ஜிம்மி தேர்ந்தெடுக்கப்பட்டது. எலும்பைக் கடிக்கும் ஓசை கேட்டது. அடுத்த கணம் சோடா சாக்கிலிருந்து பாய்ந்தது. மேசை ஆடியது, ரசம் கவிழ்ந்தது, ஜிம்மியின் காது சோடாவின் வாயில் இருந்தது, சொம்புத் தண்ணீரோடு நடுவில் புகுந்த பெர்சியின் ஆள்காட்டி விரலில் பல் பட்டது. உபகாரி அப்போது எங்கே இருந்தார்? நாற்காலியின் மேல். இரு கால்களும் நாற்காலியின் மேல்.

பெர்சிக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். கட்டுப் போட்ட விரலை உயர்த்தி அவள் தீர்ப்புச் சொன்னாள்.

“இனிமே முடியாதுங்க. மூணும் இருக்கட்டும். சோடா போயிரணும்.”

இங்கேதான் இந்த இனத்தின் முழு அழகு வெளிப்படும். சோடா எங்கே போவது என்பதற்கு ஏற்பாடு செய்ய முன்வந்தவர் யார்? அவரேதான். உசிலம்பட்டிப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறதாம். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்களாம். நாள் முழுக்கக் கட்டியே இருக்குமா என்று கேட்டேன்.

“நாய்னா நாய்தான் மாப்ள. பாவம் பாத்தா முடியுமா?”

ஒரு வாய்க்கு மட்டுமே போதுமான அளவில் அவரிடம் பாவம் இருக்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

அவர் தோட்டத்துக்காரரிடம் பேசப் புறப்பட்டதும், பெர்சியிடம் என் வாதத்தை முறைப்படி வைத்தேன். சோடா தானாகப் பாயவில்லை. எலும்பு கீழே வந்ததால் பாய்ந்தது. எலும்பு தானாக வரவில்லை. உன் அண்ணன் கொடுத்ததால் வந்தது.

“அண்ணன் குடுத்ததை நீங்க பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்போ?”

“ஜெபத்தின்போது.”

“அப்போ நீங்க ஜெபத்துல கண்ணத் தொறந்துக்கிட்டா இருந்தீங்க?”

வாசகரே, வழக்கு அத்துடன் முடிந்தது. கண் மூடியிருந்தவன் சாட்சி சொல்ல முடியாது. கண் திறந்திருந்தவன் வீட்டில் இருக்க முடியாது. நான் சேர்த்து வைத்திருந்த நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும் அந்த ஒரு கேள்வியின் முன் வெறும் காகிதம் ஆயின. தொலைபேசியில் கேட்டபோது ஜெரால்டும், “நான் ஜெபத்துல இருந்தேன் மாப்ள. ஜெபத்துல இருக்கவன் எலும்பையா நினைப்பான்?” என்றார்.

டிசம்பர் முதல் ஞாயிறன்று சோடாவைக் கொண்டுபோக ஒரு சிறிய சரக்கு வண்டியோடு வந்து சேர்ந்தார். புதுச் சங்கிலியை அவரே வாங்கி வந்திருந்தார். வண்டி வாசலில் நின்றது. சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம் என்றார். இந்த இனம் எந்தக் காரியத்தையும் வெறும் வயிற்றோடு செய்வதில்லை. நான்கு நாய்களும் வழக்கம்போல உண்டு முடித்துச் சாக்கில் படுத்திருந்தன. சோடாவுக்கு நான் கூடுதலாக எதுவும் வைக்கவில்லை. கடைசி நாள் என்பதற்காக விதியை மீறினால் அது விதியல்ல. அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது இனி அது அடுக்கில் இருக்க வேண்டுமா என்று யோசித்தேன், அடுக்கிலேயே வைத்தேன்.

மேசையில் அமர்ந்ததும் நான் ஒன்றே ஒன்று சொன்னேன்.

“மச்சான், நீங்களே ஜெபம் பண்ணுங்க.”

“பரலோகப் பிதாவே” என்று அவர் தொடங்கினார்.

அந்த இரண்டு சொல்லுக்கு நான்கு நாய்களும் எழுந்தன. பெர்சி ஜெபிக்கும் நாள்களில் காதைக்கூட அசைக்காத நாய்கள். நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்களைப் போல ஓசையின்றி நடந்து வந்து, ஜிம்மி, ராணி, பிளாக்கி மூன்றும் ஜெரால்டின் நாற்காலிக்கு இடது பக்கம் வரிசையாக அமர்ந்தன. வலது பக்கம் ஒன்றும் போகவில்லை. மூன்றும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்தன.

சோடா மட்டும் அவரைக் கடந்து வந்தது. சற்றும் தயங்காமல் பெர்சியின் நாற்காலிக்குச் சென்று, அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. பழக்கப்பட்ட இடத்தில் வைப்பதுபோல வைத்தது. பெர்சியின் கை மடியில் இருந்தது. பல் பட்ட அதே ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஈரல் துண்டு ஒன்று இருந்தது.

இவற்றை நான் எப்படி அறிவேன் என்று கேட்பீர்கள். கண் திறந்திருந்தேன். நிமிர்ந்தேன். பெர்சியும் கண் திறந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, ஒரே சமயத்தில், அவளுடைய அண்ணனைப் பார்த்தோம்.

“...தவிக்கிற சகல ஜீவன்களையும்...” அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன. கை எலும்போடு இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே!”

“ஆமென்” என்றார் ஜெரால்ட். அவ்வளவு சுருக்கமாக அவர் முடித்து நான் கேட்டதில்லை. கண் திறந்து, தம் பக்கத்தில் அமர்ந்திருந்த மூவரையும் பார்த்து நெகிழ்ந்தார். “பாத்தியா பெர்சி, ஜெபம்னதும் நாய்க எப்பிடி வந்து கூடிருச்சுன்னு! மனுசனுக்கு இல்லாத பக்தி!”

“கையில என்னண்ணே?”

“இதுவா? எலும்பு. இலையோரமா வைக்கலாம்னு எடுத்தேன்.”

நாங்கள் தட்டில்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

பெர்சி எழுந்து வாசலுக்குச் சென்று வண்டியைத் திருப்பி அனுப்பினாள். திரும்பி வந்து, “சோடா எங்கயும் போகலை” என்றாள். பிறகு என் பக்கம் விரலை நீட்டினாள். “கிறிஸ்மஸ் அன்னைக்கு எல்லாரும் வாராங்க. அன்னைக்கு மட்டும் இன்னொரு சண்டை வந்துச்சு, அப்புறம் நான் சோடாவுக்காகப் பேச மாட்டேன், சொல்லிட்டேன்.”

ஈரலைப் பற்றி நான் கேட்கவில்லை. கண் திறந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. என் கோப்புகளில் சேராத ஒரே உடன்படிக்கை இதுதான். இன்னொன்றையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்: வேளை தவறாமல் சோறு வைப்பவனாகிய என் நாற்காலிக்கு அன்று ஒரு நாயும் வரவில்லை. சட்டம் இயற்றுகிறவனுக்குக் கீழ்ப்படிதல் கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது.

ஜெரால்ட் இன்னும் மறுக்கிறார். கிறிஸ்மஸ் விருந்தில் தாமே ஜெபிக்கப்போவதாகவும், இம்முறை விசேஷ ஜெபம் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆகவே இதன் வழியாக அவரிடம் கோருவது: நவம்பர் 17 அன்று எலும்பு கொடுத்தது உண்மை என்றும், கிறிஸ்மஸ் அன்று ஜெபம் முடியும்வரை தம் இரு கைகளும் மேசையின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் என்றும், கையொப்பமிட்டு, பண்டிகைக்கு முன் எனக்குக் கிடைக்குமாறு எழுதியனுப்ப வேண்டும். வாங்கி வந்த சங்கிலியைத் திரும்ப எடுத்துச் செல்லலாம்.

வாசகரே, இவ்வளவு நேரமும் என் மச்சானைப் பார்த்துச் சிரித்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் போன முறை நாய்கள் உள்ள ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அத்தனை பேரையும் விட்டுவிட்டு ஒரு நாய் நேராக உங்கள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததே, நினைவிருக்கிறதா? வீட்டுக்காரர் முகம் சற்றுச் சுருங்கியதே? “என்மேல இதுக்கு என்னமோ தனிப் பாசம்” என்று பெருமையாகச் சொன்னீர்களே? நீங்கள் சொல்லாததை அந்த நாய் அன்றே சொல்லிவிட்டது. அந்த வீட்டிலும் ஒரு சோடா இருக்கக்கூடும். அன்று நீங்கள் புறப்பட்ட பிறகு அங்கே என்ன நடந்தது என்று விசாரித்தீர்களா?

அப்போது உங்கள் இடது கை எங்கே இருந்தது? எழுத்துமூலம் பதில் தருக.